பச்சை விளக்கு எரிந்தும் ஃபைல் நகராத சர்வர்: ஒரு டூப்ளெக்ஸ் முரண்பாட்டின் நிகழ்வு ஆய்வு

புகார்

ஓர் அலுவலகத்தில் பழைய ஃபைல் சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். வேகமான வட்டு, பல மடங்கு நினைவகம், புதிய இயங்குதளம். பழைய சர்வர் செருகியிருந்த அதே ஸ்விட்ச் போர்ட் (வலையின் கம்பிகள் வந்து சேரும் பெட்டியில் ஒரு துளை), அதே கேபிள், அதே ஐபி முகவரி. வார இறுதியில் வேலை முடிந்தது. திங்கட்கிழமை காலையிலேயே புகார் ஆரம்பித்தது.

சின்ன ஆவணங்கள் ஒருமாதிரி திறந்துவிடுகின்றன. பெரிய வரைபடக் கோப்பைத் தொட்டால் திரை உறைந்து நிற்கிறது. சிறிது நேரம் கழித்துத் திறக்கிறது, அல்லது பிழைச் செய்தியோடு விழுகிறது. இரவோடு முடிய வேண்டிய பேக்கப், ஆட்கள் வேலைக்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் எதுவுமே முழுதாக நிற்கவில்லை. எல்லாம் ஊர்கிறது. துப்பறிபவருக்கு இதைவிடத் தொல்லையான அறிகுறி கிடையாது. செத்துப்போன இணைப்பைக் கண்டுபிடிப்பது சுலபம்.

மறு முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையை ஓட்டிவிட்டு நெட்வொர்க் பக்கம் சொன்னது: “பிங் சுத்தமா போகுது சார், ஒரு பாக்கெட்கூட விழலை. போர்ட்ல லைட் எரியுது. பிரச்சினை சர்வர்லதான்.” சர்வர் பக்கம் சொன்னது: “சிபியு சும்மா கிடக்கு, வட்டும் சும்மா கிடக்கு. டேட்டா வெளிய போகவே மாட்டேங்குது.” இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். இந்த ஆய்வு முழுக்க அதைப் பற்றியதுதான்: ஒரு இணைப்பின் இரு முனைகளும் தனித்தனியே உண்மை பேசிக்கொண்டிருக்க, இணைப்பு மட்டும் கெட்டுப்போயிருக்க முடியும். இரண்டு முனைகளிலும் பிழைகளை எண்ணி வைக்கும் கவுன்ட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவரை அது தெரியாது.

இந்த அடுக்கு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

தரவு இணைப்பு அடுக்கு, அதாவது நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரிக்கும் ஓஎஸ்ஐ மாதிரியில் இரண்டாவது அடுக்கு, ஒரே கம்பியில் அல்லது ஒரே ஸ்விட்ச் வலையில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கு இடையே ஃபிரேம்களை, அதாவது முகவரி எழுதி உறைபோட்ட தரவுத் துண்டுகளைக் கொண்டுசேர்க்கிறது. ஐபி பாக்கெட் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டிப் போனாலும், ஒவ்வொரு தாவலிலும் பழைய ஃபிரேம் கழற்றப்பட்டுப் புதிய ஃபிரேம் போர்த்தப்படுகிறது. அந்த ஒரு தாவலுக்கு மட்டும்தான் இந்த அடுக்கு பொறுப்பு.

அலுவலகக் கம்பி வலைகளின் தரமான ஈதர்நெட்டில் ஃபிரேமின் அமைப்பு இந்த வழக்கில் திரும்பத் திரும்ப வரும் என்பதால் ஒருமுறை நெருங்கிப் பார்த்துவிடலாம். முதலில் 7 பைட் பிரியாம்பிள்: 10101010 என்ற வடிவமே திரும்பத் திரும்ப வரும், பெறுபவரின் கடிகாரம் அதைப் பிடித்துக்கொண்டு ஒத்திசையும். அடுத்த ஒரு பைட் 10101011; கடைசி இரண்டு பிட்டும் 1 ஆக இருப்பது ‘இதோ ஃபிரேம் தொடங்குகிறது’ என்ற அறிவிப்பு. பிறகு பெறுநரின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) 6 பைட், அனுப்புநருடையது 6 பைட், உள்ளே என்ன வகைச் சரக்கு இருக்கிறது என்பதற்கு 2 பைட். ஐபி பதிப்பு 4 என்றால் அங்கே பதினாறடிமானத்தில் 0800 இருக்கும், ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி என்றால் 0806. அதன்பின் 46 முதல் 1500 பைட் வரை சரக்கு. கடைசியில் 4 பைட் சரிபார்ப்புத் தொகை. இதைத்தான் எஃப்சிஎஸ் என்கிறார்கள்.

பிரியாம்பிளை விட்டுவிட்டுக் கூட்டினால் மிகச் சிறிய ஃபிரேம் 64 பைட், மிகப் பெரியது 1518 பைட். சரக்கு 46 பைட்டுக்குக் குறைந்தால் வெற்றுப் பைட்டுகளை நிரப்பியாவது 64-ஐ எட்ட வேண்டும். ஏன் 64 என்பதில்தான் இந்த வழக்கின் முடிச்சு இருக்கிறது. அதற்குச் சற்று நேரம் கழித்து வருவோம்.

எஃப்சிஎஸ் என்பது 32 பிட் சிஆர்சி. அனுப்புபவர் ஃபிரேமின் பிட்டுகளை ஒரு நீண்ட பல்லுறுப்புக் கோவையாகப் பாவித்து, நிர்ணயிக்கப்பட்ட இன்னொரு கோவையால் வகுத்து, மீதியை வாலில் ஒட்டுகிறார். பெறுபவர் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறார். தொடர்ச்சியாக 32 பிட்டுக்குள் அடங்கும் எந்தச் சிதைவும் இதில் தப்பாது. அதைவிட நீண்ட சிதைவு தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 400 கோடியில் ஒன்று.

கணக்கு பொருந்தவில்லை என்றால்? ஃபிரேம் தூக்கி எறியப்படும். அவ்வளவுதான். அனுப்பியவருக்குத் தகவல் போகாது, மறுபடி அனுப்பு என்ற கோரிக்கையும் கிடையாது. கேபிள் வழி ஈதர்நெட் பிழையைக் கண்டுபிடிக்குமே தவிரத் திருத்தாது. வைஃபை அப்படியல்ல, அதிலும் இதே அடுக்குதான், ஆனால் ஒரு நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அந்த அடுக்கிலேயே ஒப்புகை எதிர்பார்க்கப்படும், வராவிட்டால் மறுபடி அனுப்பப்படும். காற்றில் பிழை சகஜம், கம்பியில் அபூர்வம் என்பதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். கம்பியில் அபூர்வமாகத் தொலைவதைத் தேடித் தருவது, ஐபிக்கு மேல் அடுக்கில் ஓடும் டிசிபி நெறிமுறையின் தலைவலி என்று விட்டுவிட்டார்கள்.

எறியும்போது ஸ்விட்ச் ஒரு நல்ல காரியம் செய்கிறது: எண்ணி வைக்கிறது. ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை எஃப்சிஎஸ் பிழை, எத்தனை ரன்ட் எனப்படும் குட்டை ஃபிரேம், எத்தனை மோதல் என்று கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். யாரும் கேட்காததால் யாருக்கும் சொல்வதில்லை.

முதலில் கைது செய்யப்பட்ட நிரபராதிகள்

கேபிள்தான் முதல் சந்தேக நபர். மாற்றினார்கள், ஒன்றும் மாறவில்லை.

அடுத்து வைரஸ் தடுப்பு மென்பொருள். நிறுத்திப் பார்த்தார்கள்; அதே ஊர்தல்.

அடுத்து போர்ட். சர்வரைக் கழற்றிவிட்டு அதே போர்ட்டில் ஒரு லேப்டாப்பைச் செருகினார்கள். பிங் போனது, இணையப் பக்கம் ஒன்று திறந்தது, ‘போர்ட் நல்ல போர்ட்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். இந்தச் சோதனையில் குறை இருக்கிறது. ஒரு பக்கம் திறப்பதும் நான்கு பிங் அடிப்பதும் இணைப்பு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். சுமையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லாது. லேப்டாப்பிலிருந்து ஒரு பெரிய ஃபைலை அந்தப் போர்ட் வழியாக அனுப்பிப் பார்த்திருந்தால் விசாரணை அங்கேயே முடிந்திருக்கும்.

ஸ்விட்ச் வலையில் எங்காவது சுற்று விழுந்து பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் ஃபிரேம்) வெள்ளம் ஓடுகிறதோ என்ற ஐயமும் வந்தது. இது நியாயமான ஐயம். ஈதர்நெட் ஃபிரேமில் ஐபி பாக்கெட்டில் இருப்பதுபோல ஆயுள் எண் கிடையாது, சுற்று விழுந்தால் ஃபிரேம் சாகாமல் சுற்றும். ஆனால் சுற்று விழுந்தால் வலை முழுவதும் திணறும். ஸ்விட்சின் மேக் அட்டவணையில் ஒரே முகவரி இந்தப் போர்ட்டுக்கும் அந்தப் போர்ட்டுக்குமாகத் தாவிக்கொண்டிருக்கும். இங்கே சர்வரின் மேக் முகவரி ஒரே போர்ட்டில் ஆடாமல் அசையாமல் இருந்தது. மற்ற போர்ட்களில் ஒருவருக்கொருவர் ஃபைல் அனுப்பினால் பறந்தது. ஆக, நோய் அந்த ஒரு இணைப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் ஓட்டிப் பார்த்தார்கள். டிசிபி மறு அனுப்புதல்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன, சிதைந்த ஃபிரேம் ஒன்றுகூடத் தெரியவில்லை. இதில் வியப்பில்லை: எஃப்சிஎஸ் பொருந்தாத ஃபிரேமை நெட்வொர்க் கார்டு தன் மட்டத்திலேயே எறிந்துவிடும், இயங்குதளத்துக்கு அனுப்பாது. வயர்ஷார்க் பார்ப்பது வடிகட்டிய பிறகு மிஞ்சியதை. இரண்டாம் அடுக்கின் நோய்க்கு அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் மூன்றாம், நான்காம் அடுக்கின் (ஐபி, டிசிபி) வலி மட்டுமே தெரியும்.

இரண்டு கவுன்ட்டர்கள், இரண்டு கதைகள்

ஸ்விட்ச் பக்கம்: வேகம் 100 மெகாபிட், டூப்ளெக்ஸ் ஃபுல், அதாவது ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும் நிலை. எஃப்சிஎஸ் பிழைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன, கூடவே ரன்ட்டுகள். மோதல் என்ற வரியில் பூஜ்யம்.

சர்வர் பக்கம், எத்டூல் கட்டளை காட்டியது: வேகம் 100, டூப்ளெக்ஸ் ஹாஃப், அதாவது ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும். எஃப்சிஎஸ் பிழை சொல்லும்படியாக இல்லை. மோதல் கணக்கு எகிறுகிறது, அதில் ‘லேட் கொலிஷன்’ (தாமதமான மோதல்) என்ற வரி தனியாக எகிறுகிறது.

ஸ்விட்ச் பக்கத்தை மட்டும் பார்ப்பவர் ‘சிஆர்சி பிழை, கேபிளை மாற்று’ என்பார். பாடப்புத்தக விடை அது. சர்வர் பக்கத்தை மட்டும் பார்ப்பவர் ‘லேட் கொலிஷன், கேபிள் அளவுக்கு மீறி நீளம்’ என்பார். அதுவும் பாடப்புத்தக விடை. இரண்டையும் ஒன்றாக வைத்தால் மூன்றாவது விடை வருகிறது: ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸ், மறு முனை ஹாஃப் டூப்ளெக்ஸ்.

கேபிள் கோளாறையும் இதையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு, அதையும் செய்தோம். வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கருவியால் சர்வரிலிருந்து வெளியே மட்டும், யுடிபி போக்குவரத்து. டிசிபி போல ஒப்புகை திரும்பி வராது. விநாடிக்கு 95 மெகாபிட்டை ஒட்டி ஓடியது, இழப்பு கண்ணில் படவில்லை. எதிர்த்திசையிலும் அப்படியே. பிறகு இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் ஓட்டினோம். இரு பக்கக் கவுன்ட்டர்களும் துள்ளத் தொடங்கின. கெட்ட கேபிள் ஒருவழிப் போக்குவரத்திலும் பிழை தரும். இங்கே பிழை வர இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச வேண்டியிருக்கிறது. ஒரு வண்டி மட்டும் போகும் குறுகிய பாலத்தை ஒரு கரைக்காரர் இருவழிப் பாலம் என்று நம்பினால் என்ன ஆகுமோ அதுதான்: எதிரே வண்டி வராதவரை இரண்டு பேரும் சரிதான்.

64 பைட்டும் 5.12 மைக்ரோ விநாடியும்

ஈதர்நெட் பிறந்தது 1973-இல், ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில். ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் அமைத்த அந்த வலையில் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. பேசும் முன் கேள். யாரும் பேசவில்லை என்றால் பேசு. பேசும்போதும் காதைத் தீட்டி வைத்திரு. வேறொருவர் குரலும் சேர்ந்து கேட்டால் நிறுத்து. சிஎஸ்எம்ஏ–சிடி என்ற நீண்ட பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கம்பியின் ஒரு கோடியில் இருப்பவர் பேச ஆரம்பித்து, அந்தச் சிக்னல் மறு கோடியைத் தொடும் கடைசி நொடியில் அங்கிருப்பவரும் பேச ஆரம்பித்துவிட்டால், மோதிய செய்தி முதலாமவரிடம் திரும்பி வர, சிக்னல் ஒருமுறை போய்வரும் முழு நேரம் பிடிக்கும். அதற்குள் அவர் தன் ஃபிரேமை முடித்துவிட்டால் மோதியதே அவருக்குத் தெரியாது. எனவே எந்த ஃபிரேமும் அந்தப் போய்வரும் நேரத்தைவிடக் குறுகியதாக இருக்கக் கூடாது. தரம் வகுத்தவர்கள் அந்த எல்லையை 512 பிட் என்று வைத்தார்கள். 512 பிட் என்றால் 64 பைட். விநாடிக்கு 10 மெகாபிட்டில் அது 51.2 மைக்ரோ விநாடி. 100 மெகாபிட்டில் 5.12 மைக்ரோ விநாடி. நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கியதால் அனுமதிக்கப்பட்ட தூரமும் சுருங்கியது: 10 மெகாபிட் காலத்தில் 2500 மீட்டர்வரை விரியலாம் என்றிருந்த மோதல் வட்டாரம், 100 மெகாபிட்டில் சுமார் 200 மீட்டருக்குள் அடங்கியது.

சரியாக அமைந்த ஹாஃப் டூப்ளெக்ஸ் வலையில் மோதல் வந்தால் முதல் 512 பிட்டுக்குள் வந்துவிட வேண்டும். வந்தால் அது பிழையே அல்ல, இயல்பு நடப்பு. கார்டு 32 பிட் நெரிசல் சிக்னலை அனுப்பிவிட்டு நிறுத்தும், பிறகு தற்செயலான ஒரு காத்திருப்பு. முதல் மோதலுக்குப் பின் 0 அல்லது 1 இடைவெளி, இரண்டாவதுக்குப் பின் 0 முதல் 3 வரை, மூன்றாவதுக்கு 0 முதல் 7 வரை என்று வரம்பு இரட்டிக்கும். பத்தாவதில் 1023-இல் நின்றுவிடும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கைவிடும்.

512 பிட்டைத் தாண்டி வரும் மோதல்தான் லேட் கொலிஷன். விதிப்படி அது வரவே கூடாது. அதனால் பல கார்டுகள் அந்த ஃபிரேமை மறுபடி அனுப்ப முயல்வதில்லை. எண்ணி வைத்துவிட்டு விட்டுவிடுகின்றன.

இப்போது நம் சர்வருக்கு வருவோம். அது ஹாஃப் டூப்ளெக்ஸ் மனநிலையில் இருக்கிறது. 1518 பைட் ஃபிரேம் ஒன்றை அனுப்பத் தொடங்குகிறது. பிரியாம்பிளையும் சேர்த்து 1526 பைட். 100 மெகாபிட்டில் அது கம்பியில் இருக்கும் நேரம் 122 மைக்ரோ விநாடி. இதற்கு முன் அனுப்பிய ஃபிரேம்களைப் பெற்ற கணினி, வழக்கம்போல இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று என்ற கணக்கில் டிசிபி ஒப்புகையை அனுப்புகிறது. அந்த ஒப்புகை ஸ்விட்சுக்கு வருகிறது. ஸ்விட்ச் ஃபுல் டூப்ளெக்ஸ்; கேட்டுவிட்டுப் பேசும் வழக்கம் அதற்குக் கிடையாது, தேவையும் இல்லை. வந்த ஒப்புகையை உடனே சர்வரை நோக்கித் தள்ளுகிறது.

முறுக்கிய ஜோடிக் கேபிளில் அனுப்பும் ஜோடி வேறு, பெறும் ஜோடி வேறு. மின்சார ரீதியில் எதுவும் எதனோடும் மோதவில்லை. ஆனால் ஹாஃப் டூப்ளெக்ஸில் இருக்கும் கார்டுக்கு ‘நான் அனுப்பும்போது எனக்கு ஏதோ வருகிறது’ என்பதே மோதலின் இலக்கணம். உடனே அனுப்புவதை வெட்டுகிறது. இல்லாத மோதலுக்காக, நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஃபிரேம் பாதியில் அறுபடுகிறது. இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த அபத்தம் இது.

அறுபட்ட பாதி ஸ்விட்சைச் சேர்கிறது. நீளம் 64 பைட்டுக்கு மேல் என்றால் எஃப்சிஎஸ் பிழை. கீழே என்றால் ரன்ட். 122 மைக்ரோ விநாடியில் முதல் 5.12 மட்டுமே நியாயமான மோதல் நேரம். ஒப்புகை எந்தக் கணத்திலும் வரலாம் என்று வைத்துக்கொண்டால் 100-இல் 95-க்கு மேல் லேட் கொலிஷனாகத்தான் முடியும். அப்படி முடிந்த ஃபிரேம் போனது போனதுதான். மோதலுக்குக் காரணமான ஒப்புகையும் சர்வரால் பெறப்படாமல் போகிறது.

சர்வருக்குள் ஃபைல் எழுதும்போது கதை வேறு உருவம் எடுக்கிறது. பெரிய ஃபிரேம்கள் இப்போது ஸ்விட்சிலிருந்து வருகின்றன, சர்வர் அனுப்புவது குட்டி ஒப்புகை மட்டும். கூடுதல் விருப்பங்கள் இல்லாத ஒப்புகைக்கு ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20 ஆக 40 பைட். 6 வெற்றுப் பைட் சேர்த்து 64 பைட் ஃபிரேமாகிறது. சர்வர் கம்பி அமைதியாகும்வரை மரியாதையாகக் காத்திருந்து அதை அனுப்பத் தொடங்கும். ஸ்விட்ச் அடுத்த ஃபிரேமை எந்த மரியாதையும் இல்லாமல் தள்ளும். மோதல், ஆனால் ஒப்புகையே 64 பைட்தான் என்பதால் இது முறையான மோதல். சர்வர் மறுபடி முயலும். உள்ளே வந்துகொண்டிருந்த பெரிய ஃபிரேம் மட்டும் வீணாகும். ஆக, லேட் கொலிஷன் ஏறுவது சர்வர் பெரிய ஃபைலை வெளியே தரும்போது. சாதாரண மோதலும் ஸ்விட்சில் ரன்ட்டும் ஏறுவது சர்வர் வாங்கும்போது. கவுன்ட்டரை வைத்தே எந்தத் திசையில் சுமை இருந்தது என்று சொல்லிவிடலாம்.

பிங் ஏன் பொய் சொன்னது

பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. பிங் ஒரு ஃபிரேமை அனுப்பும், பதில் வரும், ஒரு விநாடி சும்மா இருக்கும். கேள்வியும் பதிலும் ஒரே நேரத்தில் கம்பியில் இருப்பதே இல்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் பேசும்வரை ஹாஃபும் ஃபுல்லும் பிரச்சினை இல்லாமல் குடித்தனம் நடத்தும்.

ஃபைல் பரிமாற்றம் செத்துப்போகாமல் ஊர்ந்ததற்கும் இதே காரணம்தான். இழப்பு ஏற்பட்டதும் டிசிபி தன் சாளரத்தை, அதாவது ஒப்புகைக்குக் காத்திராமல் ஒரே மூச்சில் அனுப்பும் அளவை, ஒன்றிரண்டு துண்டாகச் சுருக்கிக்கொள்ளும். அப்போது அனுப்பு, ஒப்புகைக்குக் காத்திரு என்று பிங் போலவே மாறி மாறிப் பேசுகிறது, எதுவும் தொலைவதில்லை. ‘ஆஹா, பாதை தெளிவு’ என்று சாளரத்தை விரிக்கிறது. விரிந்ததும் இரு திசைப் போக்குவரத்து ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது, மறுபடி இழப்பு, மறுபடி சுருக்கம்.

சுருங்கிய சாளரத்தில் ஒரு துண்டு தொலைந்தால், அதைக் காட்டிக்கொடுக்கப் போதுமான ஒப்புகைகள் திரும்பி வராது. நேர எல்லை தீரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். லினக்ஸில் அந்த எல்லை குறைந்தது 200 மில்லி விநாடி. 100 மெகாபிட் இணைப்பில் முழு நீள ஃபிரேம்கள் விநாடிக்கு 8127 போகலாம். அதாவது ஒவ்வொரு காத்திருப்பிலும் 1600-க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள் போகக்கூடிய நேரம் வெறுமனே கழிகிறது. சர்வர்காரர் ‘சிபியு சும்மா கிடக்கு’ என்றது இந்தக் காத்திருப்பைத்தான்.

யார் செய்த வேலை

ஸ்விட்ச் அமைப்பைத் திறந்து பார்த்தால், அந்தப் போர்ட்டில் வேகம் 100, டூப்ளெக்ஸ் ஃபுல் என்று கையால் எழுதிப் பூட்டியிருந்தது. பழைய சர்வரின் கார்டிலும் அதே இரண்டு வரிகள் பூட்டப்பட்டிருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை காலம் ஓடியிருக்காது. புதிய சர்வர் வந்தது, கார்டு, வேகத்தையும் டூப்ளெக்ஸையும் எதிர் முனையோடு பேசித் தீர்மானிக்கும் இயல்பான ஆட்டோ நிலையில் இருந்தது. எங்கும் எழுதி வைக்கப்படாத ஒரு ஒப்பந்தம் பழைய பெட்டியோடு குப்பைக்குப் போய்விட்டது.

பூட்டியவரைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் இருந்தது. ஆட்டோ நெகோஷியேஷன் என்ற அந்தப் பேச்சுவார்த்தை 1995-இல் 100 மெகாபிட் ஈதர்நெட்டோடு தரமாக வந்தது. தொடக்க காலக் கார்டுகளும் ஸ்விட்சுகளும் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ‘முக்கியமான போர்ட்டைக் கையால் பூட்டு’ என்பது அப்போது நல்ல அறிவுரை. கருவிகள் திருந்தின, அறிவுரை மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஒரு முனை பூட்டியிருக்க மறு முனை ஆட்டோவில் இருந்தால், ஏன் ஃபுல் டூப்ளெக்ஸை ஊகிக்காமல் ஹாஃபில் விழுகிறது? பேச்சுவார்த்தை நடக்கும் விதத்தில் விடை இருக்கிறது. ஆட்டோவில் இருக்கும் கருவி சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்புக் கொத்தை அனுப்பும். அதில் 16 பிட் செய்தி: எனக்கு 10 தெரியும், 100 தெரியும், ஃபுல் தெரியும் என்பது போல. இரண்டு பேரும் அனுப்பினால், இருவருக்கும் பொதுவானதில் சிறந்தது தேர்வாகும். பூட்டிய முனையோ துடிப்புக் கொத்தை அனுப்பாமல் நேராக 100 மெகாபிட் ஓய்வுச் சிக்னலை ஓடவிடும். ஆட்டோ கருவி அந்தச் சிக்னலின் உருவத்தைப் பார்த்தே ‘இது 100’ என்று கண்டுகொள்ளும். ஆனால் டூப்ளெக்ஸுக்குச் சிக்னலில் எந்த அடையாளமும் கிடையாது. தெரியாதபோது ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பது தரத்தின் கட்டளை, ஏனென்றால் எதிரே இருப்பது பழைய ஹப்பாக (எல்லாரும் ஒரே கம்பியைப் பகிர்வதுபோல் இணைக்கும் பெட்டி) இருக்கலாம். எனவே நம் சர்வர் விதியை மீறவில்லை; எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தது.

பூட்டிய பிறகும் துடிப்புக் கொத்தை அனுப்பி, பூட்டிய மதிப்பை மட்டும் அறிவிக்கும் ஸ்விட்ச் மாதிரிகளும் உண்டு; அவற்றில் இந்த நோய் வராது. ‘எங்கள் ஊழியர் பூட்டித்தான் வைத்திருக்கிறார், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சிலர் சொல்வதற்கு அதுதான் காரணம்.

தீர்வும் அதன் பிறகும்

அந்த இரண்டு வரிகளை நீக்கி, போர்ட்டை ஆட்டோவுக்கு விட்டோம். மாலையில், ஆட்கள் கிளம்பிய பிறகு. ஏனென்றால் மாற்றும்போது இணைப்பு ஒருமுறை விழுந்து எழும். அந்தப் போர்ட், சுற்று விழாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீயில் முனைப் போர்ட்டாகக் குறிக்கப்படவில்லை என்றால், இணைப்பு எழுந்த பிறகும் கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி என அரை நிமிடம் ஃபிரேம் எதுவும் நகராது. பதறி மறுபடி எதையாவது பிடுங்குபவர்களை அந்த அரை நிமிடத்தில்தான் கட்டிப்போட வேண்டும்.

எழுந்தபோது இரு முனையும் 1000, ஃபுல் என்று காட்டின. சர்வரின் கார்டு கிகாபிட், ஸ்விட்ச் போர்ட்டும் கிகாபிட். பழைய பூட்டு அதை 100-இல் அமுக்கி வைத்திருந்தது கூடுதல் நஷ்டம். முறுக்கிய ஜோடிக் கேபிளில் ஓடும் கிகாபிட் ஈதர்நெட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். எந்த முனையின் கடிகாரத்துக்கு மற்றது அடங்க வேண்டும் என்பதையே அதில்தான் தீர்மானிக்கிறார்கள். கிகாபிட்டிலும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குத் தரத்தில் இடம் உண்டு, அதற்காக 64 பைட் எல்லையை 512 பைட்டாக நீட்டியும் வைத்தார்கள். புழக்கத்தில் அதைப் பார்க்க முடியாது.

கவுன்ட்டர்களைப் பூஜ்யமாக்கிவிட்டு, பேக்கப்பைக் கையால் தொடக்கி, இரு பக்கமும் பார்த்தோம். எஃப்சிஎஸ் பிழை, ரன்ட், லேட் கொலிஷன் மூன்றும் பூஜ்யத்திலேயே நின்றன. பழைய கவுன்ட்டரை அழிக்காமல் ‘இன்னும் பிழை காட்டுகிறதே’ என்று திகைப்பவர்கள் உண்டு; கவுன்ட்டர் நடந்த வரலாற்றைச் சொல்கிறது, இப்போதைய நிலையை அறிய இரண்டு வாசிப்புகளின் வித்தியாசம் வேண்டும்.

அதன்பின் எல்லா ஸ்விட்சுகளிலும் ஹாஃப் டூப்ளெக்ஸில் இருக்கும் போர்ட்களையும், கையால் பூட்டிய போர்ட்களையும் பட்டியல் எடுத்தோம். இரண்டு பட்டியலும் தேவை: முரண்பாட்டில் ஸ்விட்ச் முனை ஹாஃபில் விழுந்திருந்தால் முதல் பட்டியலில் வரும், பூட்டிய முனையாக இருந்தால் இரண்டாவதில் வரும். கண்காணிப்பு மென்பொருளில் எஃப்சிஎஸ் பிழையும் லேட் கொலிஷனும் ஏறினால் எச்சரிக்கை வரும்படி அமைத்தோம். சாதாரண மோதலுக்கு எச்சரிக்கை வைக்கவில்லை. பட்டியலில் 10 ஹாஃப் என்று ஒரு பழைய வருகைப்பதிவு இயந்திரம் வந்தது. ஸ்விட்ச் பக்கமும் 10 ஹாஃப் என்றே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தப் போர்ட்டில் மோதல் கணக்கு அவ்வப்போது ஏறுகிறது, லேட் கொலிஷன் பூஜ்யம், எஃப்சிஎஸ் பிழை பூஜ்யம். அதை அப்படியே விட்டுவிட்டு, போர்ட் விளக்கத்தில் ‘இரு முனையும் ஹாஃப், மாற்ற வேண்டாம்’ என்று எழுதி வைத்தோம்.